ஸ்டெல்லாவின் சாவி

ஒரு கறுப்புத் திரை, அதில் கண் சிமிட்டும் ஒரு வெள்ளைக் கோடு, ஓர் என்டர் பொத்தான்: எங்கள் தொழிலில் பெயர் எடுப்பதற்கும் இவ்வளவுதான் வேண்டும், பெயர் கெடுவதற்கும் இவ்வளவுதான் வேண்டும்.

நான் எழுதுவது சின்னச் சின்ன நிரல்கள். சர்வர்லெஸ் ஃபங்ஷன் என்பார்கள். நாம் பார்க்கவே போகாத ஏதோ ஓர் ஊரில், யாரோ ஒரு பெரிய கம்பெனியின் கணினியில் அது தூங்கிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் எழுந்து, சொன்ன ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டு மறுபடி படுத்துவிடும். அதை எழுதி, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடித்து மேலே அனுப்புவதற்கு டெப்ளாய் என்று பெயர். எங்கள் பேச்சில் அது வெறும் 'போடுவது'. "போட்டாச்சா?" "போட்டாச்சு." ஆபீசில் ஒரு நாள் முழுக்க நடக்கும் உரையாடலில் பாதி இதுதான்.

நீங்கள் வேறு தொழிலில் இருக்கலாம். ஆனால் 'இதை யார் செய்தது?' என்று மேலே இருக்கிறவர் கேட்கும்போது, குனிந்து எதையோ மும்முரமாகத் தேடுவதுபோல் நடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன். இருந்தால் நாம் ஒரே கட்சி. தாராளமாக மேலே படிக்கலாம்.

பதினொரு மணிக்கு எழுப்பியது

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஜயா மாமி பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் காலையில் எழுந்து சாதகம் செய்யாமல் டிமிக்கி கொடுக்கிறார்கள், தினமும் ஐந்தரைக்கு எல்லார் வீட்டுப் போனுக்கும் ஒரு செய்தி போக வேண்டும் என்றார். அரை நாள் வேலை. எழுதினேன், ஐந்தரை என்று நேரம் குறித்தேன், போட்டேன். மேலே இருக்கும் அந்தக் கணினியின் கடிகாரம் நம் ஊர்க் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, பேங்க் கவுன்டரில் உட்கார்ந்திருந்த அப்பாக்களுக்கும், காலேஜில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த அம்மாக்களுக்கும், "எழுந்திரு கண்ணா, சுருதிப் பெட்டியை ஆன் பண்ணு" என்று செய்தி போனது.

மாமி போன் செய்தார். "ஏன்டாப்பா, பதினொரு மணிக்கு எழுப்பறதுக்கு நீ எதுக்கு? அந்த நேரத்துக்கு எங்காத்துக்காரரே தானா எழுந்துண்டுடுவார்" என்றார். நான் துளியும் யோசிக்கவில்லை. "கிளவுட்ல ஏதோ பிரச்சனை மாமி, எங்க கையில இல்ல" என்றேன். அவர் நம்பினார். அந்தக் கிளவுடை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனை வைத்தார்.

பக்கத்து மேஜையில் ஸ்டெல்லா. பெசன்ட் நகர்க் கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருக்கும் எங்கள் ஆபீசில், மேலே போடுகிற வேலை செய்வது நாங்கள் இரண்டு பேர்தான். அவள் எனக்கு இரண்டு வருடம் சீனியர். புத்தியில் எத்தனை வருடம் சீனியர் என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பி, மெதுவாகக் கேட்டாள்: "அது திருப்பிப் பேசாதுன்னு தெரிஞ்சிதான சீனு, அது மேல பழிய போட்ட?"

இரண்டு வரிச் சாவி

நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்துக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மேலே எதைப் போடுவதானாலும் ஒரு சாவி வேண்டும். சாவி என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த இரண்டு வரி. அதை நம் லேப்டாப்பில் ஒரு தடவை பதித்துவிட்டால் போதும். நாம் என்ன போட்டாலும் மேலே ஒரு பதிவேட்டில் தானாக ஒரு வரி விழும்: இன்னார், இந்த நேரத்தில், இதைப் போட்டார். சாவி யாருடையதோ, அவர்தான் அந்த இன்னார்.

முதலாளி பாஸ்கர் சார் அந்த வாரம் கோயம்புத்தூரில். "வந்ததும் உனக்கு ஒரு சாவி பண்ணித் தரேன்பா" என்று போனில் சொன்னார். அதற்குள் ஒரு வேலை அவசரமாகப் போட வேண்டியிருந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஸ்டெல்லா தன்னுடைய இரண்டு வரியை என் லேப்டாப்பில் பதித்துக் கொடுத்தாள். சார் வந்ததும் எனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னாள். சார் வந்தார், மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை. வேலை நடக்கிறது, எதற்குப் போய் நச்சரிப்பது என்று ஒரு சோம்பல். மூன்று வருடம் அப்படியே ஓடிவிட்டது. நான் போட்டதெல்லாம் ஸ்டெல்லா போட்டதாகப் பதிவேட்டில் விழுந்துகொண்டே இருந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது பதிவேட்டை யார் திறந்து பார்க்கிறார்கள்?

அன்று பதித்துக் கொடுத்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் தள்ளும்போது அவள் சிரித்துக்கொண்டே சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "பத்திரமா வெச்சுக்கோ. அதுல என் பேரு கீது."

மேல் அம்புக்குறி

கறுப்புத் திரைக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. நாம் அடித்ததையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். கீபோர்டில் மேல் அம்புக்குறியைத் தட்டினால் கடைசியாக அடித்த கட்டளை வரும், இன்னொரு தட்டு தட்டினால் அதற்கு முந்தியது. நீளமான கட்டளைகளை மறுபடி யார் அடிப்பது? தட்டு, தட்டு, என்டர். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு விரல் தானாகவே அங்கே போகும். நான் அந்த விஷயத்தில் பெரிய வித்வான்.

தி.நகரில் அன்வர் பாய் என்று ஒரு டெய்லர். பிளவுஸ் தைத்து முடித்ததும் 'ரெடி, வந்து வாங்கிக்கொள்ளவும்' என்று வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப ஒன்று எழுதிக் கொடுத்திருந்தோம். முதலில் எங்கள் இரண்டு பேர் நம்பருக்கு மட்டும் சோதனை செய்துவிட்டுப் பிறகுதான் நிஜத்தில் ஓட்ட வேண்டும். அம்புக்குறியை இரண்டு தட்டு தட்டினால் சோதனை, மூன்று தட்டினால் நிஜம். நான் மூன்று தட்டிவிட்டேன். முகூர்த்த நாட்கள் வரிசையாக வரும் மாதம் அது. துணி கொடுத்திருந்த அத்தனை பேருக்கும் பிளவுஸ் ரெடி என்று செய்தி போய், ஒரு மணி நேரத்தில் கடை வாசலில் பெண்கள் கூட்டம். உள்ளே பாதித் துணி இன்னும் வெட்டவே இல்லை. பாய் அன்று பட்ட பாட்டை நேரில் போய்ப் பார்த்தேன். கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருத்தி அவர் மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்டதற்கு அவர் தலை குனிந்து நின்றார். அது நான் நிற்க வேண்டிய இடம்.

ஆபீசுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் அம்புக்குறியைத் தொடவே மாட்டாள். எவ்வளவு நீளமான கட்டளையானாலும் ஒவ்வொரு எழுத்தாக அடித்து, ஒரு தடவை படித்து, அப்புறம்தான் என்டர். நேரம் வீணாகிறதே என்று எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறேன். அன்று அவள் கேலி செய்யவில்லை, சொல்ல மட்டும் சொன்னாள்: "எங்கம்மா இருபது வருசமா ஒரே போட்லதான் மீன் எடுக்குது. இன்னிக்கும் செவுள தூக்கிப் பாக்காம ஒரு மீன் கூடைல போடாது."

ஏழு விநாடி

அடையாறில் ஒரு டயாலிசிஸ் மையம். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம். தனியாக வர முடியாதவர்களை வீட்டுக்கே போய் அழைத்துவர இரண்டு வேன் வைத்திருந்தார்கள். காலை ஐந்து மணிக்கு, அன்றைக்கு யார் யாரை ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் டிரைவர்களின் போனுக்குப் போக வேண்டும். அதுவரை மேனேஜர் மீனாட்சி மேடம் கையால் எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் அதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதினோம்.

செய்துகாட்டப் போன அன்று, தூங்கிக்கொண்டிருந்த அது எழுந்திருக்க ஏழு விநாடி எடுத்துக்கொண்டது. ரொம்ப நேரம் கூப்பிடாமல் விட்டிருந்தால் முதல் தடவை அப்படித்தான், சோம்பல் முறித்துக்கொண்டுதான் எழும். அறையில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்க, நான் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். ஏழாவது விநாடியில் பட்டியல் வந்தது. நான் வெற்றி வீரன் மாதிரி மேடத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னையும் ஸ்டெல்லாவையும் கீழே அழைத்துப் போய் வேனைக் காட்டினார். உள்ளே ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தலையணை, கால் நீட்ட ஒரு பலகை.

"லேட்டா வந்தா பரவாயில்ல தம்பி. ஆனா இந்த லிஸ்ட்ல பேர் இல்லன்னா வேன் நிக்காது. வேன் நிக்கலன்னா அன்னிக்கு அவங்களுக்கு ரத்தம் சுத்தமாகாது. எனக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர் அவ்ளோதான்."

கொடியேற்றத்தன்று

இனிமேல் வருவதை எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது. பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழா கொடியேற்றம். ஸ்டெல்லா வருடா வருடம் அந்த நாள் லீவு போட்டுவிடுவாள். அன்று சாயங்காலம் அடையாறு மையத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான மெயிலுக்கு ஒரு சின்ன வேலை வந்தது. டிரைவர்களுக்குப் போகும் செய்தியில் 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சேர்த்தேன். மணி ஐந்து நாற்பது. மழை வரும்போல் இருந்தது, வண்டியை எடுத்துக்கொண்டு மந்தைவெளி போய்ச் சேர வேண்டும் என்று அவசரம். அம்புக்குறி, தட்டு, என்டர். பச்சையில் ஒரு டிக் விழுந்தது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

என் லேப்டாப்பில் அந்த வேலைக்கு இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்று புதியது. இன்னொன்று ஆறு மாதத்துக்கு முன்னால் எழுதி ஒதுக்கிவைத்த முதல் பிரதி. அப்போதே அழித்திருக்க வேண்டும், அழிக்கவில்லை. இரண்டிலும் போடுகிற கட்டளை ஒன்றேதான், ஓர் எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. நான் என்டர் தட்டிய திரை பழைய கோப்புறைக்குள் நின்றுகொண்டிருந்தது. பழைய நிரலுக்குப் பழைய பட்டியல்தான் தெரியும். அந்தப் பட்டியலுக்குப் பிறகு மையத்தில் சேர்ந்தவர் ஒரே ஒருவர். அசோக் நகர் சம்பந்தம் ஐயா.

மறுநாள் காலை வேன் அவர் தெரு வழியாகவே போயிருக்கிறது, நிற்கவில்லை. அவர் பையும் கையுமாக அபார்ட்மென்ட் கேட்டில் ஆறு மணியிலிருந்து நின்றிருக்கிறார். மையத்துக்குப் போன் செய்தால் 'வேன் கிளம்பிடுச்சு, வந்துடும்' என்று பதில் வந்திருக்கிறது. ஒன்பது மணிக்குத்தான் விஷயம் புரிந்தது. அதற்குள் அவருடைய முறை போய்விட்டது, அன்று முழுக்க வேறு இடம் காலியில்லை. சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். நானும் அந்த இரண்டு நாள் சாப்பிட்டது செரிக்காமல்தான் இருந்தேன். ஆனால் அவர் கேட்டில் நின்ற மூன்று மணி நேரத்துக்கு அது ஈடாகுமா?

காலை ஒன்பதரைக்கே போன் வந்தது. புதிய கோப்புறையிலிருந்து பத்து நிமிடத்தில் சரியானதைப் போட்டுவிட்டேன். அப்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீனாட்சி மேடம் கத்தவில்லை. பாஸ்கர் சாரிடம் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒன்றே ஒன்று கேட்டார்: "நல்லா ஓடிட்டிருந்த லிஸ்ட்ட மாத்தினது யாருன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க."

பதிவேட்டில் விழுந்த வரி

பாஸ்கர் சார் பதிவேட்டைத் திறந்தார். முதல் நாள் மாலை ஐந்து நாற்பதுக்கு ஒரு வரி. பக்கத்தில் பெயர்: ஸ்டெல்லா. அன்று காலை நான் சரிசெய்து போட்ட வரியிலும் அவள் பெயர்தான், ஆனால் சரிசெய்தது யார் என்று சார் பார்க்கவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கே நம்ப முடியவில்லை. ஆனால் லீவு நாளில் வீட்டிலிருந்து போடுவது எங்களுக்குப் புதிதில்லை. அவளைக் கூப்பிட்டார். நான் அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். வாயைத் திறந்து 'சார், அது நான்' என்று மூன்று வார்த்தை சொல்ல வேண்டும். என்ன கொழுக்கட்டை வாயில் இருந்ததோ, சொல்லவில்லை. இப்போது இல்லை, சார் கொஞ்சம் ஆறட்டும், தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். ஸ்டெல்லா திரையைப் பார்த்தாள். அந்த நேரத்தைப் படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை, ஒரு கணம்தான். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் அவளுக்கு டீம் லீட் கொடுப்பதாக இருந்தது. சார் அதை எனக்குக் கொடுத்தார். அடையாறு வேலையையும் அவளிடமிருந்து எடுத்து எனக்கே கொடுத்தார். வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். அன்று சார் அவளிடம் "நீயாம்மா போட்ட?" என்று கேட்டபோது, அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை: "என் பேர்லதான சார் கீது."

அசோக் நகரில் ஒரு காபி

மன்னிப்புக் கேட்க யாராவது நேரில் போக வேண்டும் என்று மீனாட்சி மேடம் பிடிவாதமாக இருந்தார். புது டீம் லீட் என்ற முறையில் நான் போனேன். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பழம் சாப்பிடக் கட்டுப்பாடு என்று கதவைத் திறந்த அவர் மகள் சொன்னபோது, அந்தப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சம்பந்தம் ஐயா மெலிந்த மனிதர். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். எனக்கு முழு டம்ளர் காபி கொடுத்துவிட்டு நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ பொதுவாக, 'எங்க சைடுல ஒரு தவறு நடந்துடுச்சு' என்று சொன்னேன். 'எங்க சைடு' என்பது எவ்வளவு சௌகரியமான வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அவர் கோபப்படுவார், அதைக் கேட்டுக்கொண்டு பாவத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு வரலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை. லீவில் இருந்த ஒரு பெண் செய்தது என்று மேடம் அவரிடம் சொல்லியிருக்கிறார். வாசல் வரை வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லிடாதீங்க தம்பி. லீவு நாள்லகூட எங்க லிஸ்ட்டப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு, பாவம்."

அனுமதி இல்லை

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எனக்கு ஒரு வினோதமான இக்கட்டு. எனக்கென்று ஒரு சாவி வாங்கிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஆனால் பாஸ்கர் சாரிடம் போய்ச் சாவி கேட்டால், 'இத்தனை நாள் எதை வெச்சுப்பா போட்ட?' என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் மற்றதெல்லாம் தானாக வெளியே வந்துவிடும். அதனால் கேட்கவில்லை. அவள் பெயரை வைத்துக்கொண்டே, அவள் இடத்தில் உட்கார்ந்து, அவள் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அம்புக்குறியை மட்டும் விட்டுவிட்டேன். ஸ்டெல்லா என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. 'டீ சாப்பிட வரியா?' என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். பெருங்குடியில் வேறு வேலை கிடைத்து, ஒரு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் லட்டு கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

வேலையை விட்டுப் போனவர்களின் சாவியை உடனே ரத்து செய்ய வேண்டும். எல்லாவற்றையும் மறக்கிற பாஸ்கர் சார் இதையும் மறந்துவிடுவார் என்று நம்பியிருந்தேன். மறக்கவில்லை. திங்கட்கிழமை மதியம் மீனாட்சி மேடம் போன் செய்தார். மூன்றாவது வேன் வாங்கியிருக்கிறார்கள், நாளைக் காலையிலிருந்து ஓடும், திருவான்மியூர் பக்கம் நாலு பேர் அதில் ஏற வேண்டும். நிரலை மாற்றினேன். கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். சிவப்பில் பதில் வந்தது: அனுமதி இல்லை. மறுபடி அடித்தேன். அனுமதி இல்லை. என் விரல் தன்னை அறியாமல் அம்புக்குறிக்குப் போய் மூன்றாவது தடவையும் தட்டியது. அனுமதி இல்லை.

அந்த நாலு பேரும் மறுநாள் காலை பையோடு கேட்டில் நிற்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. எழுந்து போய் சார் மேஜை முன்னால் நின்று, போட முடியவில்லை என்றேன். ஏன் என்றார். சாவி வேலை செய்யவில்லை என்றேன். அவர் வந்து என் திரையைப் பார்த்தார். சிவப்பு வரியையும் அதில் இருந்த பெயரையும் படித்தார். பிறகு கேட்டார்: "அவ சாவிய எடுத்தா உன் மெஷின் ஏன்பா நிக்குது?"

பெசன்ட் நகரில் ஒரு சனிக்கிழமை

எல்லாவற்றையும் சொன்னேன். சார் முதலில் எனக்கு ஒரு சாவி செய்து கொடுத்து, வேன் பட்டியலைப் போடச் சொன்னார். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் பேசினார். என்ன பேசினார் என்று இங்கே எழுதவில்லை, எல்லாம் நியாயமான வார்த்தைகள். லீட் பதவியை நானே திருப்பிக் கொடுத்தேன். சார் என் எதிரிலேயே மீனாட்சி மேடத்துக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னார். அப்புறம் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, திரும்பி வருகிறாயா என்று கேட்டார். வரவில்லை என்றாள்.

சனிக்கிழமை காலை பெசன்ட் நகர் போனேன். கடற்கரைக்குப் போகும் வழியில் அவள் அம்மா மீன் கூடை வைத்திருக்கும் இடம் எனக்குத் தெரியும். லீவு நாளில் ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுப்பாள். நான் நின்றபடியே, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். அவள் கையில் இருந்த சங்கரா மீனை முழுக்கச் செதில் எடுத்து முடிக்கும் வரை நிமிரவில்லை.

"கொடி அஞ்சே முக்காலுக்கு ஏத்துனாங்க" என்றாள். "அஞ்சு நாப்பதுக்கு நான் எங்கம்மாகூட கூட்டத்துல நசுங்கிக்கினு இருந்தேன், கையில மெழுகுவர்த்தி. லேப்டாப்பு வூட்ல பீரோ மேல கெடந்துச்சு. சார் அந்த டைம்ம காட்டுனப்பவே தெரிஞ்சிபோச்சு."

"அப்ப ஏன் சார்கிட்ட சொல்லல ஸ்டெல்லா?"

"நீதான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தியே. நீ சொல்லுவன்னு பாத்தேன்."

அவள் அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வாடிக்கைக்காரர் வந்து வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "லேட்டா இருந்தாலும் இப்ப சொல்லிட்டேனே" என்றேன். ஸ்டெல்லா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "நீ எங்க சீனு சொன்ன? மெஷினு சொல்லிச்சு, நீ ஆமான்ன."

பாஸ்கர் சாரிடம் வாயைத் திறந்து கேட்டிருந்தால் சேர்ந்த வாரமே இரண்டு நிமிடத்தில் கிடைத்திருக்கக்கூடிய அந்த இரண்டு வரிச் சாவியை, நான் மூன்று வருடம் காத்திருந்து, ஒரு சிநேகிதியைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.